பாடகிக்குப் போட்ட நாற்காலி

சிவப்பு மெத்தை தைத்த அந்த நாற்காலியைப் போன மாதம் செம்பூர் அரங்கு மேடையில் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதே நாற்காலி இல்லை; பழைய புகைப்படத்தைப் பார்த்து அதேபோல ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். என் இளவயதில், பெரிய ஹோட்டல்களில் ஸ்விங் என்ற மேல்நாட்டு நடன இசைக்கு ஜோடி ஜோடியாக ஆடிய காலத்தில், எங்கள் பேண்டின் பாடகி நான். ட்ரம்பெட்டும் சாக்சபோனும் மணிக்கணக்கில் முழங்கும். எனக்கு நடுவில் ஒரே ஒரு சரணம். மீதி நேரமெல்லாம் அந்த நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். "சிரிச்சுண்டே இரு, அது போறும்" என்பார் மாஸ்டர்.

பேண்டை நடத்தியவர் அவர்தான். மாட்டுங்காக்காரர்; பகலில் ஆபீஸ், மாலையில் வெள்ளைக் கோட்டு. எந்தக் கருவி எங்கே எதை வாசிப்பது என்று எழுதிக் கொடுப்பார். கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செத்துப்போனார் என்பதற்காக அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் தாராவி சர்ச்சில் பாடிப் பழகியவள். அவர் வீட்டில் ஒத்திகை நடந்தால் எனக்கு மட்டும் காபி தனி டம்ளரில் வரும்.

ஒருநாள் சாக்சபோன்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, வார்த்தையே இல்லாமல் வாய்க்கு வந்தபடி ஒரு மெட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். குதித்து, சறுக்கி, யாரும் நினைக்காத இடத்தில் போய் நிற்கும். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தரம் பாடு" என்றார். பிறகு மறுபடியும். தனியாகப் பாடத் தரப்போகிறார் என்று நம்பி அன்று ரயிலில் பூரித்துப்போய் வீடு திரும்பினேன். அடுத்த ஒத்திகையில் அந்த மெட்டை நான்கு சாக்சபோன்கள் சேர்ந்து வாசித்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "அது நான் பாடினதுல்லா சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, "நீ முணுமுணுத்தே, நான் எழுதினேன். எழுதினவனுக்குன்னா பேரு?" என்றார். கூட இருந்தவர்கள் தங்கள் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மெட்டுதான் பின்னால் அவரை ஊரறியச் செய்தது.

இப்போது சில இளைஞர்கள் அவர் எழுதியவற்றைத் தேடியெடுத்து, போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேடையில் வாசித்துக் காட்டுகிறார்கள். குழுத் தலைவன் திலக் நகர் பையன். வீடு தேடி வந்து, "கடைசில மாஸ்டரப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும் ஆன்ட்டி, அவர் ஏக்தம் ஜீனியஸ்" என்றான். நான் போனதே சண்டைக்குத்தான். கச்சேரியில் சாக்சபோன்கள் அந்த இடத்துக்கு வருவதற்குள் மேடையேறி மைக்கைப் பிடித்து நானே பாடிவிட்டேன். குரல் கரகரத்தது, ஆனால் ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது.

முடிந்ததும் பையன் ஓடி வந்தான். "க்யா பாத் ஹை ஆன்ட்டி! மாஸ்டர் எழுதின சாக்ஸ் பார்ட்ட அப்படியே ஞாபகம் வச்சிருக்கீங்களே!"

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அது அவருக்குள்ளது இல்லடே. என் தொண்டையில இருந்து எடுத்தது" என்றேன். வயதானவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். பழைய புகைப்படத்தைப் போலவே ஒன்று எடுக்க வேண்டும் என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். கால் வலியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"சிரிங்க ஆன்ட்டி. பழைய போட்டோல அந்தச் சிரிப்புதான் சூப்பர்."

"அது அவரு சிரிக்கச் சொல்லிச் சிரிச்சது. இன்னைக்கு முடியாது."

என் முகத்தைப் பார்த்தவன் போனைக் கீழே இறக்கினான். "நெஜமாவா சொல்றீங்க? அந்த ட்யூன் உங்களோடதா?"

கூட்டம் இன்னும் கலையவில்லை. கைப்பிடியை அழுத்தி நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"மைக்கக் கொண்டாடே" என்றேன். "மாஸ்டரப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டல்லா?"