வட்டத்துக்குள் சொன்னது

மெட்டில்டா ஒரு காலத்தில் வாய் ஓயாதவள் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். திரேஸ்புரம் மீன் ஏலக்கூடத்தில் அவள் நண்டு வாங்க வந்தால் வியாபாரிகள் சிரித்து முடிப்பதற்குள் கூடை நிறைந்துவிடும். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போகும் ஜோன்ஸ் அவளைக் கட்டியதே அந்த வாய்க்காகத்தான். மகள் ஆனி பிறந்த பிறகு அந்த வாய் அடைத்துப்போனது. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, பிள்ளை அழுதாலும் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஜோன்ஸ் கடலில் இருந்தான். மாமியார் ஆக்னஸ், "பிள்ள பெத்தவளுக்கு இம்புட்டு சோம்பலா?" என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். தேறி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

அந்தப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி ஜெபிஷா, நாசரேத்துக்காரி. குழு சிகிச்சை நடத்துவது அவள் பாடத்தில் ஒரு பகுதி. நோயாளிப் பெண்களை வட்டமாக உட்கார வைத்து, ஆசிரியை ஈவாஞ்சலின் சொல்லிக்கொடுத்த விதிகளைச் சொன்னாள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. இங்கே பேசுவது இந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். மெட்டில்டா மட்டும் அந்தக் கடைசி விதியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பாவி, நம்பினாள்.

சில வாரம் கழித்து அவளே பேசினாள். "பிள்ளயத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள எறங்குனேன். ரெண்டு பேருமாப் போயிருவோம்னு. அலை அடிச்சதும் அது சிரிச்சிட்டு. திரும்பி வந்துட்டேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

பக்கத்தில் இருந்த சீனித்தாய், கயத்தாறு பக்கத்துக்காரி, மெல்ல அவள் கையைப் பிடித்தாள். "நானும் எம் மவனத் தூக்கிட்டுக் கிணத்தடி வரைக்கும் போனவதாம்ளா. அவன் இப்பம் பள்ளிக்கூடம் போறான். எம் புருஷங்கிட்டகூட வாய் தொறக்கல."

தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவளுக்கு, இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று தெரிவதே பாதி மருந்து என்பார் ஈவாஞ்சலின். அது பலித்தது. அன்று மெட்டில்டா வயிறாரச் சாப்பிட்டாள். ஈவாஞ்சலின் விஷயத்தை டாக்டரிடம் சொன்னார், அதுதான் முறை. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பலமுறை பேசினார், மருந்தை மாற்றினார். அவள் தேறினாள், சிரித்தாள். வீட்டுக்கு அனுப்ப நாளும் குறித்தார்கள்.

அந்த வார விடுமுறையில் ஜெபிஷா நாசரேத்துக்குப் போனாள். வீட்டில் ஜெபக்கூட்டம். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டபோது அவள் முந்திக்கொண்டாள். "பேர் சொல்ல மாட்டேன், ஆன்ட்டி. திரேஸ்புரத்துல ஒரு அக்கா. புருஷன் தோணியில மாலத்தீவு போறவங்க. கைப்பிள்ளையோட கடல்ல எறங்கிட்டாங்க. இப்ப எங்க வார்டுலதான் இருக்காங்க. பாரமா ஜெபிச்சுக்கிடுங்க."

பெயர் சொல்லவில்லை, அதனால் விதி பிழைத்தது என்று நினைத்தாள். ஜெபத்துக்குச் சொல்வது வெளியே சொல்வதாகாது என்றுதான் அந்த வீடுகளில் பிள்ளைகள் வளர்கிறார்கள். பெண்கள் உருகி ஜெபித்தார்கள். ஊர்வம்பு பேசுகிறவர்களிடம்கூட ஓர் உறுத்தல் இருக்கும். இவர்களிடம் அதுவும் இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

நாசரேத்தில் அவர்களுக்கெல்லாம் வீடு தேடி வந்து கருவாடு விற்பவள் மெட்டில்டாவின் மாமியார் ஆக்னஸ். அடுத்த நடையில், அந்த ஜெபக்கூட்டத்தில் இருந்த தேவகனி டீச்சர் நெத்திலி வாங்கிக்கொண்டே, "உங்க ஊர்ல தோணிக்காரர் பொண்டாட்டி ஒருத்தி ஆஸ்பத்திரியில இருக்காளாமே, கடல்ல பிள்ளையோட எறங்குனவ. நீயும் ஜெபம் பண்ணிக்கோ" என்றார். ஆக்னஸ் கூடையை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இதை ஜெபிஷாவின் அம்மா மகளுக்குப் போனில் பெருமையாகச் சொன்னாள்: "கருவாட்டுக்கார ஆக்னஸ்கூட ஜெபிக்காளாம்!"

வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. சீனித்தாய்தான் மெட்டில்டாவுக்குத் தலை பின்னிவிட்டாள். ஆக்னஸ் வெறுங்கையோடு வந்தாள்.

"பிள்ள எங்க, மாமி?"

"மணப்பாட்டுல எம் மவ வீட்ல. ஜோன்ஸ்ட்டயும் போன்ல சொல்லியாச்சு. இனி ஒங் கையில குடுக்க மாட்டோம்."

"எதுக்கு மாமி?"

"கடல்ல முக்கிக் கொல்லப் போனியா இல்லியா?"

"யாரு சொன்னா?"

"எவ சொன்னா என்னளா? இல்லன்னு சொல்லு பாப்போம்."

மெட்டில்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆக்னஸ் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பார்வை நேரத்தில் அந்த மாமியாரோடு உட்கார்ந்து பேசி, அவள் கொண்டுவந்த குழம்பை வாங்கித் தின்றவள் சீனித்தாய் ஒருத்திதான். மெட்டில்டா அவளைப் பார்த்துத் திரும்பினாள்.

"குழம்புக்கு நாக்கத் தொங்கப்போட்டு என்னக் காட்டிக் குடுத்திட்டியேளா! நீ மட்டும் ஒழுக்கமா? பெத்த மவனக் கிணத்துல போடப் போனவதானே நீ!"

சீனித்தாயின் புருஷன் ஆவுடையப்பன் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வாசலில் நின்றான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அது உண்மை என்று அந்த முகமே சொன்னது. வாளியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சீனித்தாய் கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜெபிஷா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தான்தான் வெளியே சொன்னது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீனித்தாய் மேல் விழுந்த பழி விலகியிருக்கும். சொன்னால் படிப்பு போய்விடுமே என்று அவளுக்குப் பயம்.

மெட்டில்டா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், இத்தன பேர்ல நீங்க ஒராள்தான் வாயக் காத்தீங்க. எம் பிள்ள எங்கிட்ட வரணும்னு எனக்காகச் செபம் பண்ணுவீங்களா?"

"பண்ணுதேன்க்கா" என்றாள் ஜெபிஷா.

சொன்னபடி அந்தச் சனிக்கிழமையே நாசரேத்தில் ஜெபிக்கச் சொன்னாள். இந்தத் தடவை அழுதுகொண்டே, மெட்டில்டாவின் பெயரையும் சேர்த்து.