மூன்றில் ஒரு பங்கு

பூதப்பாண்டியில் நான் பத்து வருடம் நர்ஸ் வேலைக்கு நின்ற கிளினிக்கின் டாக்டர் அவர். ஒல்லி உடம்பு, காலர் நைந்த சட்டை, குதிகால் தேய்ந்த செருப்பு. கடைசி நோயாளி எழுந்ததுமே ஃபேனை அணைத்துவிடுவார். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு யார் தயவும் தேவைப்படக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் குறி.

ஊசியை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கும் பாடம் நடக்கும். "சம்பளம் கிட்டினதும் மூணுல ஒரு பங்கைத் தனியா மாத்தி வச்சிரணும் மக்கா. மிச்சத்துலதான் சீவிக்கணும்."

ஒருநாள் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அப்போ சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தாங்க டாக்டர், மாத்தி வைக்கேன்."

அவர் கோபப்படவில்லை. "வரவு கூடுனா மட்டும் போதாது மக்கா. செலவு கூடாம பிடிச்சு நிறுத்தணும்" என்றார். அவர் பிடித்து நிறுத்தியிருந்த செலவு நான்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சொன்னபடியே ஐம்பதில் கிளினிக்கை மூடினார். என்னிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, "நான் சொன்னபடி செய்திருந்தா நீயும் இப்பம் நல்லா சேத்திருப்பியே, எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். அக்கறையாகத்தான் கேட்டார்.