காந்தம் விழுந்த கதவு

என் மேசை லாச்சியில் ஒரு காந்தம் கிடக்கிறது. பழுதாகிப்போன வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. பேக்கரிப் பணிஸ் அளவில் வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். காரின் பூச்சில் கீறல் விழாமலிருக்க, பழைய காற்சட்டைத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பழைய கார்த் தரகு செய்த காலமெல்லாம் நான் படித்த பள்ளிக்கூடம் இந்தக் காந்தம்தான். நல்ல தகரத்தில் வைத்தால் பிடிக்கும். உக்கிப்போன இடத்தைப் புட்டிப் பசை அப்பி மறைத்திருந்தால் பிடிக்காமல் கையோடு வந்துவிடும். விற்கிறவர் எத்தனை கதையும் சொல்லட்டும், காந்தத்துக்குக் காது இல்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். அப்படிச் சொல்வதை விட்டது வட்டுக்கோட்டையில் ஒரு ரீச்சரின் முற்றத்தில்.

ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகி, மகள் கனடாவுக்குப் போய், வீட்டில் அவரும் ஐம்பதுகளில் வந்த ஒரு கறுப்பு ஏ-போட்டிக் காரும்தான் மிச்சம். பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போன ஆண்டுகளில் ஊரிலிருந்த புதிய வாகனங்களெல்லாம் படுத்துவிட்டன. எழும்பி ஓடியவை இந்தக் கிழட்டு வாகனங்கள்தான், அதுவும் மண்ணெண்ணெயில். பொனற்றுக்குள், எஞ்சினுக்குப் பக்கத்தில், ஆசுப்பத்திரிச் சேலைன் போத்தல் ஒன்று தொங்கும். அதிலே கொஞ்சம் பெற்றோல். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ரீச்சர் அதைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோலச் செய்வார். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் என்று யார் வந்து படலையில் கூப்பிட்டாலும் கார் ஆசுப்பத்திரிக்குப் போகும். "கார் எண்டால் ஓடவேணும். நிண்டால் அது அலுமாரி" என்பது அவருடைய பேச்சு.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சமாதானப் பேச்சு நடந்தது. நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டோம். அந்த இடைவெளியில் கொழும்பிலிருந்து ஒருவர் பழைய கார் தேடி வந்தார். பாதை திறந்தால் கொண்டுபோகலாம், அங்கே சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு உடனே ரீச்சரின் நினைவு வந்தது. செல் குண்டு விழுந்த அதிர்ச்சியில் அவருடைய கூரை ஓடுகள் பாதி கழன்று, கூரை மரங்களும் இளகிப்போய் நின்றன. மாரிக்கு முன் கூரையை மாற்றாவிட்டால் அந்த வீட்டில் இருக்க முடியாது. அதற்குக் காரை விட்டால் விற்பதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை. நான் போய்ச் சொன்னதும் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு, "சரி, கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

என் தரகுப் புத்தி சும்மா இருக்குமா? சேலைன் போத்தலைக் கழற்றுவோம், பனம்பலகை போட்ட அடித்தட்டில் ஒரு கம்பளம் விரிப்போம், பின் கதவு ஒட்டின் ஆணித் தலைகளை மூடிப் பெயின்ற் அடிப்போம் என்றேன். ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"புரோக்கர், மூடி மறைச்சு விக்கிறதெண்டால் நான் என்னத்தை விக்கிறன்? உள்ளதை உள்ளபடி காட்டும்."

வந்தவர் விஷயம் தெரிந்த ஆள், அதை நான் மறுக்கமாட்டேன். எஞ்சின் இலக்கத்தை வாகனப் புத்தகத்தோடு ஒப்பிட்டார், ஒத்துவந்தது. கண்ணாடிகளின் மூலையில் இருந்த முத்திரைகளைப் பார்த்தார். ஆசனத் தோலை முகர்ந்துகூடப் பார்த்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தது எதுவோ அது ஒறிஜினல், மற்றதெல்லாம் விலையைத் தின்கிற கறையான் என்பது அவர் கட்சி. அன்றுவரைக்கும் என் கட்சியும் அதுதான். பிறகு தானே ஏறி உட்கார்ந்து திறப்பைப் போட்டுத் திருகினார். கார் இருமியது. இன்னும் திருகினார். பின்னால் வெள்ளைப் புகை வந்து நின்றுபோயிற்று. நான் வாயைத் திறக்கப் போக, ரீச்சர் கையால் மறித்தார்.

"சத்தியமா சொல்றேன் ரீச்சர், இன்ஜின் செத்துப்போச்சு. பார்ட்ஸுக்கு வேணா எடுக்கலாம்" என்று இறங்கினார் அவர்.

பக்கத்து வளவுப் பெண் வேலிக்கு மேலால், இடுப்பில் குழந்தையோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, செத்ததெண்டு சொல்ல முதல் நாடி பிடிச்சுப் பாத்தனீங்களோ?" என்றாள்.

ரீச்சர் பொனற்றைத் திறந்தார். போத்தலின் குழாயைத் திருகி எண்ணி ஏழெட்டுச் சொட்டு விட்டார். ஏறியிருந்து திருகிய முதல் திருகலிலேயே கார் கிளம்பியது. சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். முற்றம் முழுக்க மணந்தது, கொழும்புக்காரர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"ஐயாவுக்கு எங்கடை சென்ற் பிடிக்கேல்லைப் போல" என்றாள் வேலிக்காரி. நானும் சிரித்துவிட்டேன், தரகன் சிரிக்கக்கூடாத நேரம்.

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "காந்தம் இருக்கா?" என்றார். முன்னிருந்து பின்னாகக் காந்தத்தை வைத்துக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் பிடித்தது. இடது பின் கதவில் வைத்தேன். டக்கென்று மண்ணில் விழுந்தது.

"புட்டி!" என்றார் கொழும்புக்காரர்.

"புட்டியில்லை. தட்டிப் பாரும்" என்றார் ரீச்சர். "அலுமினியம். சோத்துக் கிடார மூடி. அந்தா நிக்கிறாள், அவளின்ரை வீட்டு மூடி."

அந்தக் கதை ஊருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு வயிற்றுக்குத்து வந்து ரீச்சர் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகையில் செல் விழுந்தது. துண்டொன்று இந்தக் கதவைக் கிழித்துக்கொண்டு, பின் சீற்றில் படுத்திருந்தவளுக்கு ஒரு சாண் மேலால் போனது. ரீச்சர் காரை நிறுத்தவில்லை. அன்று மத்தியானம் பிறந்ததுதான் அந்த இடுப்புக் குழந்தை. ஒட்டுப்போடத் தகரம் தேடி எங்கும் கிடைக்காமல், அவள் வீட்டார் சோறு வடிக்கிற கிடாரத்தின் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தகர வேலை செய்கிற ரிங்கர் அதை வெட்டி ஆணி அடித்தான்.

கொழும்புக்காரர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கல்நெஞ்சர் இல்லை. "பெரிய விஷயம்தான் ரீச்சர். ஆனா இந்தக் கதவுக்கு விலையில குறைக்கணும். வேற கதவு தேடிப் போட்டாத்தான் விக்கலாம்."

"கழட்டின கதவு?"

"பழைய இரும்புக்குப் போகும்."

"இந்தக் கதவுக்கு நீர் விலை கூட்டித் தரவேணும்" என்றார் ரீச்சர், வகுப்பில் விடை சொல்கிற குரலில். "தொழிற்சாலைக் கதவு உலகம் முழுக்கக் கிடக்கு, ஒண்டைப்போல மற்றது. இப்பிடி ஒண்டு வேறை எங்கையும் இருக்கோ? அப்ப எது ஒறிஜினல்?"

கொழும்புக்காரர் குனிந்து அந்த மூடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு குறைக்காமலே தருகிறேன் என்று ஒரு விலை சொன்னார். கூரை முழுவதையும் மாற்றலாம், மிச்சமும் வரும். ரீச்சர் ஒன்றைத்தான் கேட்டார்: "கதவை வைச்சிருப்பீரோ?"

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. "வாங்கிறவங்க ஒத்துக்கமாட்டாங்க ரீச்சர்."

ரீச்சர் எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

அவர் போனபிறகு நான் சத்தம் போட்டேன். கூரையை நினைத்தீர்களா, மாரிக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "மழைக்கு வாளி வைக்கலாம், புரோக்கர். அந்தக் கதவைக் கழட்டினால் அதுக்கு எதை வைக்கிறது?" என்றார்.

அந்த ஐப்பசியில், பேச்சு முறிந்து சண்டை நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கூரை உள்ளவனும் இல்லாதவனும் ஒரே மழையில் ஒரே தெருவில் நின்றோம். சனத்துக்கு நடுவே அந்தக் கார் மணிக்கு அரை மைல் என்று ஊர்ந்தது. நடக்க முடியாத ஐந்து பேர் உள்ளே. இடது பின் கதவோரம் வேலிக்காரியின் குழந்தை நித்திரை. கதவில் கைவைத்தபடி நானும் நடந்தேன். அன்று கொழும்புக்காரர் வாங்கியிருந்தால் இந்தக் கார் இந்தத் தெருவில் எங்களோடு வந்திருக்காது என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

பிற்காலத்தில் மகளிடம் போகும்போது ரீச்சர் கார்த் திறப்பை என் கையில் தந்தார். கார் இப்போது என் கொட்டிலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும், அலுமாரியாக விடமாட்டேன். வாங்க ஆட்கள் வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். கைபேசியில் படம் பிடித்து, பட்டியல் பார்த்து, எது ஒறிஜினல், எது இல்லை என்று எனக்கே படிப்பிக்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. லாச்சியைத் திறந்து காந்தத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, முதலில் இடது பின் கதவில் வைத்துப் பாருங்கோ என்பேன். அது விழும். நிமிர்ந்து, இதற்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்பார்கள்.

குனிந்து காந்தத்தை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொல்வேன்: "அந்தக் கதவுக்கு விலை கூட."