வெறும் மண்டையோடு மடுல்சீமைக்கு

இந்த வருடத் தொடக்கத்தில் ஐந்து நாட்கள் நான் ஒன்றும் தெரியாதவனாக இருந்தேன். ஐந்தாம் நாள் முடிவில் அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

"அஞ்சு நாள் மட்டும்தானா?" என்று என் மனைவி கேட்டதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் பண்டாரவளைக்கு வந்து ஆய்வாளர்களுக்குப் பயிற்சி நடத்தியது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரணதரப் பரீட்சைக்கு, அதாவது ஓ.எல்.லுக்கு, முன்னாலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறார்களே, ஏன்? அதுதான் ஆய்வு. பயிற்சிக்கு எட்டுப் பேர். நான் துணைப் பயிற்றுநர். அதாவது ஆங்கிலத் தாள்களைத் தமிழாக்குவது, வேன் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது, பிளேன்டீ ஆறிப்போகாமல் கவனிப்பது.

ஆய்வு முறைக்குப் பெயர் கிரவுண்டட் தியரி. முதல் நாளே மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டேன். 'தரைமட்டக் கோட்பாடு' என்று கரும்பலகையில் எழுதினேன். பயிற்சி நடத்த வந்த கலாநிதி தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மாஸ்டர், அது இடிச்சு விழுத்தின மாதிரியெல்லோ கிடக்கு?"

கடைசியில் 'மண்ணிலிருந்து முளைக்கும் கோட்பாடு' என்று சமரசத்துக்கு வந்தோம்.

கலாநிதி யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் பல வருடம் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கி, படிப்பித்து, நாடு திரும்பியவர். நல்ல மனிதர். மாணவர் பெயரை முதல் நாளே பாடமாக்கிக்கொள்கிறவர். தன் பாடத்தை அவர் உண்மையாகவே நம்பினார்.

"ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு போங்கோ பிள்ளையள். முடிவைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போய்க் கேள்வி கேக்கப்படாது. அவையள் சொல்லுறதைப் பதியுங்கோ. பிறகு வரி வரியாப் பிரிச்சு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பேர் வையுங்கோ. பேருகளைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால் கோட்பாடு தானா மேல வரும்."

திரையில் 'லைன் பை லைன் கோடிங்' என்று விழுந்தது. விஜயலெட்சுமி கையைத் தூக்கினாள். பூனாகலைத் தோட்டத்துப் பெண். பாலர் பாடசாலை ஆசிரியை. எட்டுப் பேரில் லயத்திலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு நாளைக்கு எத்தன லைன் செய்யணும் சார்?"

"முப்பது, நாப்பது லைன் செய்யலாம் பிள்ளை."

"நாங்க போற டிவிஷன்ல இருக்கிறதே பன்னெண்டு லைன்தானுங்களே சார்..."

மற்றவர்கள் சிரித்தார்கள். கலாநிதிக்கு மட்டும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் லைன் என்றால் வரி இல்லை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு, லயம் என்று நான் காதோடு சொன்னேன். அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். தெரியாததை எழுதிக்கொள்ளும் கலாநிதிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை வேனில் ஏறப்போகும் நேரம். கொழும்பு நிறுவனத்தின் இணைப்பாளர் டயானா, பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்துக் காட்டினார். ஆய்வு அறிக்கையின் அட்டை. வழுவழு காகிதம். நடுவில் சாய்ந்து கிடக்கும் சாராயப் போத்தல், பக்கத்தில் அநாதையாக ஒரு புத்தகப்பை.

"எப்பிடி சார், நல்லா வந்திருக்குதானே?"

"நாங்கள் இன்னும் போகவே இல்லையே மிஸ்?"

"அட்டைதானே சார்!"

உள்ளே போகப்போகிற எட்டுப் பேரும் வெறும் மண்டையோடு போகவேண்டும். வெளியே அட்டை மட்டும் எல்லாம் தெரிந்துகொண்டு காத்திருக்கும். இதற்கு என்ன கோட்பாடு?

எனக்கும் சிரிக்க உரிமையில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். டவுனுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. லயத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிற எண்ணத்தைத் தவிர அங்கிருந்து நான் வேறு எதையும் கொண்டு வரவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்தப் போத்தலைத்தான் வரையச் சொல்லியிருப்பேன்.

பதுளை தாண்டி, பசறை தாண்டி, மடுல்சீமைக்கு மேலே ஏறும்போது பாதை பாதையாக இல்லை. வேன் ஒவ்வொரு குழியிலும் இறங்கி நலம் விசாரித்துவிட்டுத்தான் ஏறியது. போய்ச் சேரப் பின்னேரம் ஆகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம்.

விஜயலெட்சுமிக்குக் கிடைத்தது காளியம்மா என்கிற தாயின் வீடு. மூத்த மகள் செல்வராணி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். விஜயலெட்சுமி பேட்டி எடுப்பாள். கலாநிதியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்போம். வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

காளியம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறிவிட்டு, டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். அதைக் கண்டு அவர் மிரளவேயில்லை. "இங்கிட்டு வைங்க. அங்க வச்சா தகர சத்தம்தான் ஏறும்" என்று தானே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"குடியப் பத்தி சொல்லணுங்களா, கக்கூசப் பத்தியா, புள்ளைங்க படிப்பப் பத்தியா?"

எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் பயிற்சி அதிகம்!

விஜயலெட்சுமி சிரித்துவிட்டு, "நீங்க எதச் சொன்னாலும் சரிதான்க்கா" என்றாள். காளியம்மாவுக்கு அது பிடிபடவில்லை. எதைச் சொன்னாலும் சரி என்று சொன்ன முதல் ஆய்வுக்காரி அவளாகத்தான் இருக்கவேண்டும். அவர் யோசித்தார். விஜயலெட்சுமி காத்திருந்தாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அரை நிமிடம்... ஒரு நிமிடம்...

கலாநிதியால் தாங்க முடியவில்லை.

"உங்கட மனுசன் குடிக்கிறவரோ அம்மா?"

காளியம்மாவின் முகம் தெளிந்தது. தெரிந்த கேள்வி வந்த பிள்ளையின் முகம்.

"ஆமாங்கய்யா, குடிப்பாருங்க. தெனமும்தாங்க. அதனாலதாங்க புள்ள படிப்பும் கெட்டுச்சு." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

கலாநிதி குறித்துக்கொண்டார். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், தலையாட்டினேன்.

விஜயலெட்சுமி மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோடு ஒரு பலகைத் தட்டு. அதன் மேல் பொலித்தீனில் சுற்றி, நூலால் கட்டிய புத்தகங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே அந்தக் கட்டு மட்டும் ஒரு சொட்டுக்கூடப் படாமல் இருந்தது.

"அது யாரு புஸ்தகம்க்கா?"

கதவோரம் நின்ற செல்வராணிதான் சொன்னாள். "என்னோடதுங்க டீச்சர்."

"நின்னுட்டேன்னு சொன்னாங்களே. பொறகு எதுக்குக் கட்டி வச்சிருக்கே?"

"ஐடென்டிட்டி கெடச்சா ஓ.எல். எழுதலாமுன்னுதான்."

அதற்குப் பிறகு பேட்டி எங்கள் கையில் இல்லை. செல்வராணி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் பிறப்புச் சான்றிதழை முதன்முதலில் ஒருவர் முழுவதுமாக வாசித்தாராம். சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரும் பார்க்கவில்லை. பதிவுகாரர் சிங்களத்தில் எழுதிக் கொடுத்ததை அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதில் பெயர் செல்வராஜ். பால் என்ற இடத்தில் — ஆண்.

அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். திருத்திக்கொண்டு வா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு முடிந்தது, அவள் நின்றுவிட்டாள். வரவுப் பதிவேட்டில் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று காரணம் எழுதியாயிற்று.

அந்த நேரம் பார்த்து அப்பா சுப்பிரமணியம் வந்தார். குடித்திருந்தார். அதில் சந்தேகமேயில்லை. கலாநிதியின் குறிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்ததும் உள்ளே போய், சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு பையோடு வந்து உட்கார்ந்தார்.

"மூணு தடவ டவுனுக்குப் போனேங்கய்யா. மொத தடவ, அந்த ஆளு லீவுன்னாங்க. ரெண்டாவது தடவ, பேறு பாத்த மருத்துவிச்சி கடுதாசி கொண்டான்னாங்க. அந்தம்மா ரிட்டயராகி பதுளப் பக்கம் போயிட்டாங்க, எங்கன்னு தெரியல. மூணாவது தடவ எம்புள்ளையவே கூட்டிக்கிட்டுப் போனேன். பாத்துக்கங்க, இது பொம்பளப் புள்ளதானேன்னேன். புள்ள வேணாம், கடுதாசிதான் வேணுமுன்னுட்டாங்க."

கொஞ்சம் நிறுத்தி, "அந்த மூணு நாளும் நான் குடிக்கலைங்கய்யா" என்றார்.

அன்றிரவே பண்டாரவளைக்குத் திரும்பினோம்.

நாலாம் நாள் குறியிடும் வேலை. ஒலிநாடாக்களைக் கேட்டு, வரிகளுக்குப் பெயர் வைத்து, துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். விஜயலெட்சுமியின் ஒலிநாடா ஓடியது. எல்லோருக்கும் கேட்கும்படி, கணீரென்று, "உங்கட மனுசன் குடிக்கிறவரோ அம்மா?"

விஜயலெட்சுமி எழுந்து டேப்பை முன்னால் ஓட்டப் போனாள்.

"விடு பிள்ளை" என்றார் கலாநிதி. அவரே எழுந்து வந்து, டேப்பைப் பின்னால் சுற்றி, மறுபடி அதே இடத்தைப் போட்டார். காதுமடல் சிவந்திருந்தது. "நல்லாக் கேளுங்கோ. எப்பிடிக் கேள்வி கேக்கப்படாது எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னட்ட இல்லை. கேட்டவருக்கு என்ன வேணும் எண்டு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிட்டுது. குடுத்திட்டா. அவவில பிழையில்லை."

நான் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். தன் குரலையே பிழைக்கு உதாரணமாகப் போட்டுக்காட்டிய பயிற்றுநரை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு மற்றப் பிள்ளைகளும் தங்கள் ஒலிநாடாக்களைத் திரும்பக் கேட்டார்கள். இன்னும் மூன்று வீட்டில் கடுதாசிப் பிரச்சினை கிடந்தது. ஒரு பையனுக்குத் தகப்பன் பெயர் மாறியிருந்தது. ஒருத்திக்குப் பதிவே இல்லை. முதல் தடவை கேட்டு எழுதியபோது அந்த வரிகளுக்கெல்லாம் 'அக்கறையின்மை' என்றுதான் பெயர் வைத்திருந்தோம். காகிதங்களைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினோம்.

ஐந்தாம் நாள் டயானா சுவரைப் பார்த்தார். 'ஆணாகப் பதியப்பட்ட பெண்' என்ற துண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

"இது இன்ட்ரஸ்டிங்தான் சார். ஆனா எங்கட புரொஜெக்ட் குடியப் பத்தினதுதானே?"

"புரொஜெக்ட் பிள்ளையள் ஏன் நிக்கினம் எண்டதைப் பற்றினது" என்றார் கலாநிதி.

"ப்ரபோசல்ல அப்பிடித்தான்... ஆனா அட்டை..."

வாதம் ஒரு மணித்தியாலம் நடந்தது. முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அட்டை வென்றது. போன வாரம் அறிக்கை தபாலில் வந்தது. குடிக்கு மூன்று அத்தியாயம். கடுதாசிக்குப் பின்னிணைப்பில் ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தைச் சேர்க்காவிட்டால் தன் பெயரை எடுத்துவிடும்படி கலாநிதி எழுதியிருந்தாராம். வெளிநாட்டுப் பட்டம் பெற்ற பெயரை எடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் கதை அறிக்கையோடு முடியவில்லை.

பயிற்சி முடிந்த மறுவாரமே விஜயலெட்சுமி அந்த மருத்துவிச்சியைத் தேடத் தொடங்கினாள். பூனாகலையில் ஒருவரைக் கேட்டு, அவர் சொன்ன இன்னொருவரைக் கேட்டு, கடைசியில் பதுளையில் மகள் வீட்டில் கண்டுபிடித்தாள். அந்த அம்மாவுக்கு அந்தப் பிரசவம் ஞாபகம் இருந்தது. நல்ல மழையாம், காம்பரா, அதுதான் அந்த ஒற்றை அறை, முழுக்கத் தண்ணீராம். கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாலாவது தடவை டவுனில் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனபோது சுப்பிரமணியத்தோடும் செல்வராணியோடும் நாங்கள் மூன்று பேரும் போனோம். கலாநிதி கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து, கசங்கிய கோட்டோடு நேராக அங்கே வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருத்துவிச்சி இப்போது வேலையில் இல்லையே, இது செல்லுமா என்று சந்தேகம்.

கலாநிதிக்குச் சிங்களம் தடுமாறும். தமிழில் வெடித்தார். "தரவு உங்களுக்கு முன்னால ரெட்டைப் பின்னலோட நிக்குது, ஐயா!"

விஜயலெட்சுமி அதை மொழிபெயர்த்தாள். எனக்குச் சிங்களம் தெரியும், அதனால் சொல்கிறேன்: அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. "ஐயா, இந்தப் பிள்ளை பரீட்சை எழுத ஆசைப்படுது. விண்ணப்பம் முடிய இன்னும் சில மாசம்தான் இருக்கு. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள். காளியம்மா வீட்டில் காத்திருந்த மாதிரியே.

அரை நிமிடம்... ஒரு நிமிடம்...

அந்த மனிதர் செல்வராணியைப் பார்த்தார். முத்திரையை எடுத்தார். உண்மை என்று உறுதிசெய்து எழுதிய சத்தியக் கடதாசி ஒன்று வேண்டும், அதை இன்றைக்கே இரண்டு கடை தள்ளி முடித்துக்கொண்டு வரலாம் என்றார். கலாநிதிக்காக ஒரு நாற்காலியும் போடச் சொன்னார்.

செல்வராஜ் போய்ச் செல்வராணி வர இரண்டு மாதம் பிடித்தது. அடையாள அட்டை அதற்கும் பிறகு. விண்ணப்பம் கடைசி வாரத்தில் போய்ச் சேர்ந்தது. வருகிற டிசம்பரில் எழுதுகிறாள்.

சுப்பிரமணியம் குடியை விட்டாரா என்று கேட்கிறீர்களா? விடவில்லை. அறிக்கைக்கு அந்த அட்டையைப் போட்டவர்களும் முழுக்கப் பொய் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விஜயலெட்சுமியோடு மடுல்சீமைக்குப் போயிருந்தேன். பொலித்தீன் கட்டு பிரிந்து, புத்தகங்கள் தரை முழுக்கப் பரவிக் கிடந்தன. எப்படிப் போகிறது படிப்பு என்று கேட்டேன். செல்வராணிக்கு அழுகை வந்துவிட்டது.

"கணக்கு வரவே மாட்டேங்குது சார். பெயிலாயிருவேனோன்னு ராத்திரியெல்லாம் பயமா இருக்கு."

நான் அவளைத் தேற்றியிருக்கவேண்டும். செய்யவில்லை. பதினாறு வயதில் மற்ற எல்லாப் பிள்ளைகளும் பயப்படுகிற அதே பயம் அவளுக்கும் வந்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது!