அண்ணிக்கு ஒத்துக்கொள்ளாதது

அண்ணிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் கடலூர்ப் பக்கம் ஒரு விருந்தில் தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உதடும் கண்ணும் வீங்கி இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். அதற்குப் பிறகு எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் விசாரிப்பார். வேப்பூரில் ரோட்டோரப் புரோட்டாக் கடையில்கூட, "ஏங்க, குருமாவுல எறா, கருவாடு எதுனா சேத்திருக்கீங்களா?" என்பார். கடைக்காரர் சிரிப்பார். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணிக்கு அதில் கூச்சமே கிடையாது. எனக்குத்தான் இருந்தது.

விருத்தாசலத்தில் நாங்கள் இருவரும் ஒரே பீங்கான் யூனிட்டில் வேலை செய்கிறோம். கோப்பைகளையும் கிண்ணங்களையும் மெருகுக் கரைசலில் முக்கி எடுப்பது அண்ணியின் வேலை. நான் ஆபீசில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் புதிதாகத் திறந்த ஓர் ஓட்டலுக்கு சூப் கிண்ணங்கள் செய்து அனுப்பினோம். தாய்லாந்து, ஜப்பான், கொரியா என்று பல நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும் ஓட்டல் அது. கிண்ணங்களின் மெருகு அந்த முதலாளியம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், "இதைச் செஞ்சவங்களையும் கூட்டிக்கிட்டு ஒரு நாள் மதியம் சாப்பிட வாங்க" என்று போனில் கூப்பிட்டார்.

அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் போகும்போதே அவரிடம் சொல்லிவைத்தேன்.

"அண்ணி, அங்க வந்து எறா கிறான்னு கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. பெரிய எடம். நான் பாத்துக்கறேன்."

"சரி பாப்பா. நீ பாத்துச் சொன்னா சரிதான்" என்றார்.

ஓட்டலில் எங்களைக் கண்ணாடி ஓரமாக உட்காரவைத்தார்கள். முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். பரிமாறுபவர் வந்து, எங்களில் யாருக்காவது ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவராகவே கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஆங்கிலத்திலேயே, அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். காய்கறிச் சாப்பாடாகப் பார்த்து வாங்கிக்கொண்டால் ஆயிற்று, இதற்கு ஏன் கதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் குழம்பு வந்தது. கத்தரிக்காயும் பீன்ஸும் மிதந்தன. அண்ணி இரண்டு கரண்டி சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். முதல் வாயை எடுத்ததுமே என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "பாப்பா, கருவாட்டு வாசம் அடிக்குதே" என்றார்.

எனக்கும் அடித்தது.

"அதுல போடுற எலையோட வாசம் அண்ணி. வெறும் காய்கறிதான். சாப்புடுங்க" என்றேன்.

அவர் சாப்பிட்டார். நான் சொன்னேன் என்பதற்காகச் சாப்பிட்டார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணி கழுத்தைச் சொறிந்தார். பிறகு உதடு தடித்தது. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அப்போதுதான் நான் கத்தினேன், "எறா ஒத்துக்காது அவங்களுக்கு!" என்று. முதலாளியம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அந்தக் குழம்புக்கான மசாலாவிலேயே எறா விழுது அரைத்துச் சேர்ப்பார்களாம். "கேட்டாங்களேம்மா, நீங்கதானே இல்லன்னீங்க?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார். உடனே காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். மூச்சு சீரான பிறகு டாக்டர் அண்ணியிடம், ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துமா சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். வீங்கிய வாயால், "நாந்தான் கேக்காம சாப்புட்டுட்டேன்" என்றார்.

சாயங்காலம் அண்ணன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வரும். "ஊரெல்லாம் கேட்டு உசிர வாங்குவ, இன்னிக்கு எங்க போச்சு உன் வாயி? இனிமே வெளியில எங்கியும் நீ கை நனைக்கக் கூடாது" என்று வார்டே கேட்கும்படி திட்டினார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் அவருடைய பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தேன்.

யூனிட்டிலும் அவரைத்தான் கேலி செய்தார்கள், ஓசிச் சாப்பாடு என்றதும் மறந்துவிட்டாயா என்று. அதற்கும் சிரித்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து சேத்தியாத்தோப்பில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணியைக் காணவில்லை என்று தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது முழுச் சைவக் கல்யாணச் சாப்பாடு. அங்கே அவர் பயப்பட எதுவுமே இல்லை. அண்ணன் சொன்னதை மீறக் கூடாது என்று இருந்திருக்கிறார்.

நான் திரும்பிப் போய், இலை முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பரிமாறுபவர் கேட்டது, நான் இல்லை என்றது, வாசம் அடிக்கிறது என்று அண்ணி சொன்னது, நான் சாப்பிடச் சொன்னது எல்லாம்.

அண்ணன், "அவள நான் அத்தினி பேரு முன்னாடி திட்டுனப்ப நீ அங்கதான நின்ன?" என்று மட்டும் கேட்டார். தீபாவளி வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணிக்கோ வேறு கோபம். "யாரு உன்ன சொல்லச் சொன்னாங்க? அண்ணனும் தங்கச்சியும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்கணும்னா நான் அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா?" என்று சண்டைக்கு வந்தார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அண்ணன் பேசுகிறார். அண்ணி பந்தியில் உட்காருகிறார். அன்றைக்கு அண்ணனைத் தேடிப் போய்ச் சொன்ன எனக்கு, பத்தடி தூரத்தில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்த அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் "போ பாப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிடக் கூடாது என்றுதான் கேட்காமல் இருக்கிறேனா, இல்லை இன்னமும் எனக்கு அந்தக் கூச்சம்தானா, தெரியவில்லை.