உச்சிக்குப் போகாத பொலோனா

பொலோனாக்காவிடம் போனில் பேசியவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. மீதிப் பாதிப் பேர் உயிரோடு இருப்பதற்கே அவள்தான் காரணம் என்று நான் சொல்வேன். அவளோ, "வாயை மூடு யெரிட்சா, சூப் அடிப்பிடிக்குது பாரு" என்பாள்.

திரிக்லவ் மலையின் தோளில், கடைசி ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் குடில். பொறுப்பு அவளுடையது, அடுப்படி என்னுடையது. நடக்க வருகிறவனும் சரி, பனிச்சறுக்குக்கு வருகிறவனும் சரி, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எங்களுக்கு ஒரு போன் போட்டுவிடுவான். ரேடியோவில் வானிலை கேட்டிருப்பான், இருந்தாலும் கேட்பான்.

"அக்கா, மேல எப்படி இருக்கு?"

"மேல நல்லாத்தான் இருக்கு. உன் பூட்ஸ் எப்படி இருக்கு?"

"பூட்ஸா? கேன்வாஸ் ஷூ இருக்கு."

"அப்ப ஏரிக்கரைப் பக்கம் போய் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடு. வை போனை."

இதுதான் அவள் பாணி. ஜூன் மாதத்தில் யாராவது கேட்டால், ஓடைச் சந்துகளில் பழைய பனி இன்னும் கிடக்கிறது, பனிக்கோடரி இல்லாமல் வராதே என்பாள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவளுக்கு ஒரே பாட்டுத்தான்: மத்தியானத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடு, இடி உனக்காகக் காத்திருக்காது. செப்டம்பர் என்றால் குரலே இனிக்கும். பாறை காய்ந்து, காற்று அடங்கி, கடல் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும் மாதம் அது. அக்டோபரில் மறுபடி முகம் சுளிப்பாள். முகட்டில் பதித்திருக்கும் இரும்புக் கயிற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனித்தோல் படியும், பிடித்த கை வழுக்கும். நடுக்குளிரில் கேட்கிறவனிடம், "உங்க அம்மா கிட்ட போனைக் குடு" என்பாள்.

மார்ச் பிறந்துவிட்டால் சறுக்குக்காரர்கள் தொல்லை. காலையில் பனி இரும்பு மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏற மேல்தோல் கொஞ்சம் இளகும். அந்தக் கொஞ்ச நேரம்தான் சொர்க்கம். அதையும் தாண்டினால் முழங்கால் வரை கஞ்சி. அப்புறம் சரிவு முழுக்கக் கழன்று கீழே வரும். எப்போது சொர்க்கம், எப்போது கஞ்சி என்று அவளிடம்தான் கேட்பார்கள்.

இவ்வளவும் சொல்கிற பொலோனாக்கா திரிக்லவ் உச்சியில் கால் வைத்ததே இல்லை.

எங்கள் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது திரிக்லவ் ஏறாதவனை நாங்கள் முழு ஆளாகவே எண்ணுவதில்லை. முதல் தடவை ஏறுகிறவன் உச்சியில் இருக்கும் தகரக் கோபுரத்தருகே குனிந்து நிற்க வேண்டும். ஏற்கெனவே ஏறியவர் ஒருவர் மலைக்கயிற்றால் பின்புறத்தில் மூன்று அடி போடுவார். அதற்கு ஞானஸ்நானம் என்று பெயர். எனக்குப் பதினாலு வயதில் ஆயிற்று. எங்கள் சித்தப்பா போட்ட போடில் கீழே இறங்கும்வரை நான் எங்கும் உட்காரவில்லை.

பொலோனாக்கா கடற்கரைக்காரி, உப்பளத்துக் குடும்பம். லோவ்ரோவைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். வந்த கோடையில் வயிற்றில் பிள்ளை, அடுத்த கோடையில் இடுப்பில் பிள்ளை. அதற்கப்புறம் குடில் அவள் தலையில் விழுந்தது. லோவ்ரோவுக்கு முட்டி போய்விட, கீழே பள்ளத்தாக்கில் சாமான் ஏற்றும் ரோப்காரைப் பார்த்துக்கொண்டு, தேனீ வளர்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலே வானம் நன்றாக இருக்கிற நாளில் குடிலில் நிற்க இடமிருக்காது, அவளால் நகர முடியாது. குடில் காலியாக இருக்கிற நாள் என்றால் வானம் மோசம் என்று அர்த்தம், யாருமே மேலே போகக்கூடாது. அவளுக்கென்று ஒரு நல்ல நாள் மட்டும் வரவே இல்லை. பிறகு கேட்பதற்கும் ஆளில்லை. குடில்காரியிடம் போய், நீ உச்சிக்குப் போயிருக்கிறாயா என்று எந்தப் பைத்தியக்காரனாவது கேட்பானா?

மேலே இருப்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், இறங்கி வருகிறவர்களை வைத்துத்தான். டீயைக் கையில் கொடுத்து எதிரில் உட்கார்ந்துவிடுவாள். கையுறை ஏன் நனைஞ்சிருக்கு? முட்டியில என்ன சிராய்ப்பு? பாறையில அடிச்ச இரும்பு முளைல எது ஆடுது? வருஷக்கணக்கில் இப்படிப் பிழிந்தெடுத்து, அந்த முகட்டைக் கல் கல்லாகத் தன் தலைக்குள் கட்டி வைத்திருந்தாள்.

அவள் உச்சிக்குப் போனதில்லை என்பது எனக்கே போன ஏப்ரலில்தான் தெரியும். அதற்குக் காரணம் ஃபாதர் லுத்விக். எங்கள் பங்குக்குப் புதிதாக வந்தவர், சமவெளிக்காரர், நல்ல உருண்டை உடம்பு, உடம்பெல்லாம் சிரிப்பு. ஏப்ரலில் ஒருநாள் சறுக்குக்காரர்களோடு மூச்சிரைக்கக் குடில் வரை ஏறி வந்து, இரண்டு தட்டு யோத்தா சூப்பைக் காலி பண்ணிவிட்டு எழுந்து நின்றார்.

"செப்டம்பர் முதல் சனிக்கிழமை நான் உச்சிக்குப் போறேன். எனக்கு மூணு அடி போடப்போறது நம்ம பொலோனாம்மாதான். வேற யார் போட்டாலும் செல்லாது!"

கூடமே கைதட்டியது. எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டியவன் ஓஷ்பே. சறுக்கு வாத்தியார், முப்பது வயது, வாய் மட்டும் அறுபது வயதுக்கு. அன்று காலையில்தான் உச்சிச் சரிவில் சறுக்கக் கிளம்பியவனைப் பொலோனாக்கா வாசலிலேயே மறித்து உட்கார வைத்திருந்தாள்.

"நல்லா ஓங்கிப் போடுங்க அத்தை! காலையில என் மேல இருந்த கோவத்தையும் சேர்த்து!"

பொலோனாக்கா ஏதோ ஞாபகத்தில், "சரி சாமி" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து, பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டேன். சொன்னாள். என் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது.

"அக்கா, இதுல என்ன இருக்கு? பேசாம அடியைப் போட்டுட்டு வந்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல. என் பேச்சை நம்பித்தான் ஒருத்தன் அந்த இரும்புக் கயித்தைப் பிடிக்கிறான், இன்னொருத்தன் வீட்டுக்குத் திரும்புறான். இவ மேல போனதே இல்லன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு நான் வேண்டாம்னு சொல்றப்ப எவன் கேப்பான்? கேக்காம போய் எவனாவது விழுந்தா?"

அவள் பயந்தது மானத்துக்கு அல்ல, இதற்குத்தான்.

ஆகவே யாருக்கும் தெரியாமல் முன்கூட்டியே ஏறிவிடுவது என்று முடிவு செய்தோம். மே மாதக் கடைசி, சறுக்குக்காரர்கள் போய்விட்டார்கள், நடைக்காரர்கள் இன்னும் வரவில்லை. பூட்ஸுக்கடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அவள் என்னைவிட மூத்தவள், ஆனால் ஏறுவதில் ஆடு. ஒவ்வொரு திருப்பத்திலும், "இதுதான் அந்த ஒடுக்கமான இடமா? ஆமா, இங்கதான் எல்லாரும் முட்டியத் தேச்சுக்குவாங்க" என்று புகுந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவள் மாதிரி சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

தகரக் கோபுரம் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அங்கே முகட்டின் மேல் இரும்புக் கயிறு பனிக்குள் புதைந்து கிடந்தது, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. பொலோனாக்கா நின்றாள். பனியைக் கோடரியால் குத்திப் பார்த்தாள்.

"திரும்பலாம் யெரிட்சா."

"என்னது! அதோ இருக்கு கோபுரம்! தொட்டுட்டு வந்துடலாம்!"

"இதே இடத்துல நின்னுக்கிட்டு ஒருத்தன் எனக்குப் போன் போட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"திரும்புன்னு சொல்லுவ."

"அப்புறம் என்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளைக் கழுத்தைப் பிடித்து மேலே தள்ளியிருப்பேன். அவளோ கீழே வந்ததும் எனக்கு ஒரு குவளை புளூபெர்ரிச் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் துடைக்கப் போய்விட்டாள்.

அப்புறம் கோடை வந்தது. ஜனம் வந்தது. மூச்சு விடவே நேரமில்லை. செப்டம்பர் முதல் சனிக்கிழமையும் வந்தே விட்டது.

அன்று காலைச் சாப்பாட்டுக்குக் கூடம் நிறைந்திருந்தது. பங்கு மக்கள், மலைச் சங்கத்தார், தொப்பியில் இறகு செருகிய ஃபாதர் லுத்விக், தோளில் கயிற்றோடு ஓஷ்பே. பொலோனாக்கா கரண்டியால் பானையைத் தட்டினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். நான் இந்த உச்சிக்கு இதுவரைக்கும் போனதே இல்ல. சாமிக்கு அடி போட எனக்கு உரிமை கிடையாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும், தப்புத்தான்."

யாரோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியது. ஓஷ்பே மெதுவாக எழுந்தான்.

"அப்ப ஏப்ரல்ல என்னைத் திருப்பி அனுப்புனீங்களே? போன வருஷம் அனுப்புனீங்களே? இத்தனை வருஷமா கண்ணைக் கட்டிக்கிட்டா அத்தை எங்களுக்கு வழி சொன்னீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். என் கையிலிருந்த கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று போட நினைத்தேன். பொலோனாக்காவின் காது சிவந்துவிட்டது.

ஃபாதர்தான் எழுந்து அவள் கையைப் பிடித்தார். "அடடா, எனக்குத் துணை கிடைச்சிருச்சு! எல்லார் முன்னாடியும் தனியாக் குனியறதுக்கு வெக்கமா இருந்துச்சு. மேலங்கியப் போடுங்கம்மா, போலாம்!"

வேலைக்கிருந்த பிள்ளைகளிடம் குடிலை விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பினோம். வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. பொலோனாக்கா அதிகம் பேசவில்லை. மே மாதம் திரும்பிய இடத்தைத் தாண்டும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

உச்சியில் முதலில் ஃபாதர் குனிந்தார். ஓஷ்பே போட்ட மூன்று அடிக்கும் மூன்று புனிதர்களைக் கூப்பிட்டார். அடுத்து பொலோனாக்கா. அடி போடும் உரிமை எனக்கென்று நான் கயிற்றை வாங்கினேன், மே மாதக் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. ஜூனில் திருப்பி அனுப்பப்பட்டவர், ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்லப்பட்டவர், அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லப்பட்டவர், எல்லாரும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினார்கள். முதல் அடி நான் போட்டேன், இரண்டாவது போடும் உரிமை மலைச் சங்கத் தலைவருக்குப் போயிற்று, மூன்றாவது ஓஷ்பேக்கு. அவன் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றிவிட்டு, பூனையைத் தட்டுவது போல் தட்டினான். பொலோனாக்கா நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீர், வாயெல்லாம் சிரிப்பு. கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி, கடல் நிஜமாவே தெரியுதுடி!" என்றாள்.

பையிலிருந்து வால்நட் போத்திட்சா ரொட்டியை எடுத்தேன். ஒருவர் ஒயின் பாட்டிலின் தக்கையை எடுக்கத் திருகு தேடினார். அப்போதுதான் பொலோனாக்காவின் முகம் மாறியது. மேற்கே, மலைகளுக்கு அப்பால், கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம். காற்று எங்கள் முதுகிலிருந்து முகத்துக்குத் திரும்பியிருந்தது.

"எல்லாரும் இறங்குங்க. இப்பவே."

யாரும் அசையவில்லை. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. திறக்காத பாட்டில், வெட்டாத ரொட்டி, எடுக்காத போட்டோ. எல்லார் கண்ணும் ஓஷ்பே பக்கம் போயிற்று. அவன் அந்த மேகத்தைப் பார்த்தான், பொலோனாக்காவைப் பார்த்தான். அவன் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"காதுல விழலையா? அத்தை சொல்லிட்டாங்க. கிளம்புங்க."

வரிசையாக இறங்கினோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குடிலுக்கு வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டியை வெட்டினேன். அந்த மேகம் வந்தது, எங்கள் தலைக்கு மேல் கொஞ்சம் நின்றது, அப்படியே வடக்கே போய்விட்டது. ஒரு பொட்டு மழை இல்லை. சாயங்காலம் பொன் மாதிரி வெயில்.

பொலோனாக்கா தட்டோடு ஓஷ்பேயிடம் போனாள். இவ்வளவு தயங்கி அவள் ஒருவனிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"மழை வரலையேப்பா. திட்ட மாட்டியா?"

ஓஷ்பே வாய் நிறைய ரொட்டியோடு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மேலயே நின்னு, அது வந்திருந்தா, திட்டுறதுக்கு நான் இருந்திருப்பேனா அத்தை? இன்னொரு துண்டு வைங்க."