வருணுக்கு ஒரு டிராம்போலின்

சந்தோஷம் வந்தால் வருண் குதிப்பான். மழை வலுத்தால் குதிப்பான். அப்பாவின் சாவிச் சத்தம் வாசலில் கேட்டால் குதிப்பான். சட்டியில் கோழி வதங்கும் வாசம் வந்தால் கைகளை உதறிக்கொண்டு கூடம் அதிரக் குதிப்பான். நடக்கத் தொடங்கிய வயதில் வந்த பழக்கம். இப்போது இருபத்து மூன்று வயது, எண்பத்தெட்டு கிலோ எடை. பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

அவனுக்கு ஆட்டிசம். சொந்தமாகப் பேசுவது அபூர்வம். பிறர் சொன்னதை, சொன்னவரின் குரலிலேயே திருப்பிச் சொல்வான். "சாப்பிடுறியா?" என்று கேட்டால் "சாப்பிடுறியா" என்பான். அதற்கு ஆமாம் என்று பொருள். வேண்டாம் என்றால் வாயைத் திறக்கமாட்டான். இதைப் புரிந்துகொள்ள அவன் அம்மா விசாலாட்சிக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

விசாலாட்சி குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவள். ரத்னவேலைக் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் வந்தாள். அவர் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் கிரேன் பிரிவு மேற்பார்வையாளர். பேச்சு குறைந்த மனிதர். அவள் ஒரு வங்கியில் நல்ல வேலையில் இருந்தாள். மகனுக்கு இன்னது என்று தெரிந்த வருடம் அதை விட்டாள். அவன் சிறப்புப் பள்ளியில் சேர்ந்த பிறகு லிட்டில் இந்தியாவில் ஒரு பல் மருந்தகத்தின் முகப்பில் உட்கார்ந்தாள். தாடையைப் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு வருகிறவர்களைப் பேச்சுக்கொடுத்தே ஆற்றி உட்கார வைத்துவிடுவாள் என்று டாக்டர் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. மகனிடம் சொற்களைச் சிக்கனமாக, ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அதையும் பழகிக்கொண்டாள்.

அவர்களுக்கு நேர்க்கீழ் வீட்டில் முகமது இஸ்மாயில் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பல வருடங்களாக அவர் தலைக்கு மேல் வருண் குதித்துக்கொண்டுதான் இருந்தான். மின்தூக்கியில் பார்த்தால் இஸ்மாயில் சிரித்துவிட்டுப் போவார். அவர் மனைவி முனீராவுக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகுதான் ஒருநாள் தயங்கித் தயங்கி மேலே வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கும் வாசலிலேயே நின்றார்.

"தம்பி குதிக்கட்டும் தங்கச்சி, நான் வேணாம்னு சொல்லல. டயாலிசிஸ் முடிஞ்சு வந்து அவ படுக்கிற நேரம் மட்டும் கொஞ்சம் பாருங்களேன். தூங்கினாத்தான் அவளுக்கு உடம்பு தாங்குது."

விசாலாட்சி மன்னிப்புக் கேட்டாள். ஆனால் சந்தோஷம் நேரம் பார்த்து வருவதில்லையே. நுரை விரிப்பை இரண்டு அடுக்காகப் போட்டுப் பார்த்தாள், சத்தம் அடங்கவில்லை. வெளியே கூட்டிப் போகலாம் என்றால், அடுக்குமாடியின் தரைத்தளத்தில் எல்லாரும் கூடுகிற வாய்ட் டெக்கில் இவ்வளவு பெரிய ஆண்பிள்ளை கைகளை உதறிக் குதிப்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயந்து ஓடின. பல் மருந்தகத்துக்கு வந்த ஒரு தாய் சொன்னதைக் கேட்டுத்தான் வீட்டுக்குள் வைக்கிற சின்ன டிராம்போலின் என்ற யோசனை வந்தது.

இணையத்தில் தேடினாள். ஏகப்பட்டது வந்தது. வட்டமான சட்டம், நடுவில் கறுப்புத் துணி, சுற்றிலும் சுருள் கம்பி; எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. கால்களை மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம் என்று போட்டிருந்த ஒன்றை எடுத்தாள். சிறிய வீட்டில் அது பெரிய வசதி. நூறு கிலோ வரை தாங்கும் என்றும் பெட்டியில் அச்சடித்திருந்தது.

வருண் அதை முதலில் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு காலை வைத்தான், எடுத்தான். மறுநாள் ஏறிவிட்டான். அதன்பிறகு வந்த மாதங்கள் அந்த வீட்டின் நல்ல மாதங்கள். குதிக்கக் குதிக்க அவன் முகம் தெளிந்தது, இரவில் ஒழுங்காகத் தூங்கினான். சுருள் கம்பிகளின் கிறீச் சத்தத்தைத் தவிர கீழே ஒன்றும் கேட்பதில்லை என்றார் இஸ்மாயில். ஒரு பெருநாளன்று முனீரா கைப்பட எழுதாமல், கைப்படச் சமைத்தே நன்றி சொல்லி அனுப்பினாள்: ஒரு பெரிய தூக்கு நிறைய பிரியாணி.

ஒரு சனிக்கிழமை மாலை மழை வந்தது. விசாலாட்சி அடுப்படியில் இருந்தாள். கிறீச், கிறீச் என்று சீராக வந்த சத்தம் திடீரென்று உடைந்து, கனமான ஒன்று தரையில் விழுகிற ஓசை கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். மடக்குக் கால் ஒன்று, மடங்குகிற இடத்திலேயே வளைந்து உள்ளே போயிருந்தது. வருண் டிவி மேசைக்கடியில் கிடந்தான். அவன் வலது பாதம் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் கத்தவில்லை. தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். பல வாரங்களுக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் மருத்துவர். இதை வருணுக்கு எப்படிச் சொல்வது? ரத்னவேல் விடுப்பு எடுத்துக்கொண்டு மகன் பக்கத்திலேயே இருந்தார். மழைச் சத்தம் கேட்டால் வருண் எழப் பார்ப்பான். உடனே அம்மாவோ அப்பாவோ அவன் இரண்டு முழங்கால்களிலும் கையை வைத்து அழுத்தி, "வேணாம் வருண், குதிக்காதே" என்பார்கள். ஒரே சொல், ஒரே தொனி, ஒவ்வொரு தடவையும். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அவனுக்குப் படம் காட்டித்தான் எதையும் கற்றுக்கொடுப்பார்கள். அதே முறையில் விசாலாட்சி ஒருவன் குதிக்கிற மாதிரி படம் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, அவன் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள்.

எலும்பு நன்றாகக் கூடியது. காலில் போட்ட கட்டை அவிழ்த்த பிறகு, நிலையத்தின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பவித்ரா அவனைப் பரிசோதித்துவிட்டு, கணுக்காலில் பலம் வரவேண்டும், எடையும் கூடிவிட்டது, குதிக்கிற பிள்ளைக்கு டிராம்போலினைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றாள். விசாலாட்சி எழுந்தே விட்டாள். இன்னொரு தடவை அந்தச் சாமானை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். பவித்ரா அவளை உட்கார வைத்துப் பேசினாள்.

"அக்கா, தப்பு குதிக்கிறதுல இல்ல. ஒருத்தர் குதிச்சு இறங்கும்போது சட்டத்து மேல விழற வெயிட் அவரோட வெயிட்டைவிடப் பல மடங்கு. அதனால வருண் வெயிட்டைவிட ரொம்ப அதிகமாத் தாங்குறதைப் பாருங்க. மடக்குற கால் வேணவே வேணாம். பிடிச்சுக்க ஒரு கைப்பிடி வேணும். கடையில போய் நீங்களே ஏறிப் பாருங்க லா, படத்தைப் பார்த்து வாங்காதீங்க."

இந்தத் தடவை கணவனும் மனைவியும் சேர்ந்து போனார்கள். உடற்பயிற்சிச் சாமான்கள் விற்கிற பெரிய கடை. விசாலாட்சி ஒவ்வொரு சட்டத்தையும் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள். கால் சட்டத்தோடு சேரும் இடத்தைத் தடவினாள். துணியின் விளிம்புத் தையலை இழுத்தாள். சுருள் கம்பிக்குப் பதில் தடித்த ரப்பர் கயிறுகள் கட்டிய வகை ஒன்று இருந்தது. அதில் கிறீச் சத்தம் வராது, மூட்டுக்கும் அதிர்ச்சி குறைவு என்றார் கடைக்காரர். ஆறு கால்கள், எல்லாம் திருகி முடுக்குகிறவை. அகலமும் அதிகம், கீழே விழ இடம் தராது.

ரத்னவேல் காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். கல்யாண வீட்டில்கூட ஆடாதவர், வயிறு குலுங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். விசாலாட்சி சேலையை ஒதுக்கிக்கொண்டு கடைத் தரையில் மண்டியிட்டு, காதைத் தரையில் வைத்துக் கேட்டாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மெதுவான ஒரு துடிப்பு மட்டும்தான் கேட்டது. அவள் நிமிர்ந்து தலையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று ரத்னவேல் நினைத்துக்கொண்டார்.

விசாலாட்சி சுவரில் ஒட்டிய படத்தைக் கிழித்து எறிந்தாள். கூடத்தில் ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் புதியதைப் பூட்டி நிறுத்தினார் ரத்னவேல். வருண் அறையிலிருந்து வந்தான். கைப்பிடியைத் தொட்டான். பிறகு விசாலாட்சியின் குரலில், அவள் இழுக்கிற இழுப்போடு, "வேணாம் வருண், குதிக்காதே" என்றான்.

"குதிக்கலாம் வருண்," என்றாள் அவள். அவன் வாயைத் திறக்கவில்லை.

ரத்னவேல் ஏறிக் குதித்துக் காட்டினார். வருண் வேகமாக வந்து அப்பாவின் இரண்டு முழங்கால்களிலும் கையை வைத்து அழுத்தினான். அவர் நிற்கும்வரை விடவில்லை. ரத்னவேல் இறங்கிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு மழை வந்தது, கோழி வதங்கியது, வாசலில் சாவி ஒலித்தது. வருண் சோபாவில் உட்கார்ந்து தன் முழங்கால்களைத் தானே அழுத்திக்கொண்டான். சந்தோஷம் வந்து உள்ளேயே நின்றுவிடுகிறதா, இல்லை, வருவதே இல்லையா? விசாலாட்சிக்கு அது தெரியவில்லை. எந்த மருத்துவராலும் அதைச் சொல்ல முடியவில்லை. ஒரு சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுக்க வருடக்கணக்கில் பாடுபட்டவர்கள் அவர்கள். இந்த ஒன்றை மட்டும் அவன் ஒரேயடியாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்த இடைவெளியில் முனீரா இறந்துபோனாள். விசாலாட்சி கீழே போய் அவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்தாள். சில வாரங்கள் கழித்து இஸ்மாயில் மேலே வந்தார். இம்முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். எதிரே ரத்னவேலும் வருணும் இருந்தார்கள்.

"தம்பி இப்பல்லாம் குதிக்கிறதே இல்லையா?"

"இல்ல பாய்."

"நான் அன்னைக்கு வந்து சொன்னதாலயா தங்கச்சி?"

"இல்ல பாய். வேணாம்னு நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம். கத்துக்கிட்டான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கீழ இப்ப நான் மட்டும்தான். எந்த நேரம் வேணும்னாலும் குதிக்கச் சொல்லுங்க. எனக்கும் ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருக்கும்."

"குதிக்கச் சொல்லுங்க," என்றான் வருண், இஸ்மாயிலின் குரலில்.

அவன் பேச்சில் அதற்கு ஆமாம் என்றுதான் பொருள். மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து அழாத விசாலாட்சி அப்போது அழுதாள். இஸ்மாயில் அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

வற்புறுத்த வேண்டாம், அதை எடுத்து மறைக்கவும் வேண்டாம் என்று பவித்ரா சொல்லியிருந்தாள். விசாலாட்சிக்கும் எலும்பு தேய்மானம் தொடங்கியிருந்தது. ஏதாவது பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளே அதில் ஏறினாள். குதிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடந்தாள். முதலில் வருண் வந்து அவள் முழங்கால்களையும் அழுத்தினான். அவள் நின்றாள், அவன் போன பிறகு மறுபடி நடந்தாள். மறுநாளும் அப்படியே. கொஞ்ச காலத்தில் அழுத்துவதை விட்டுவிட்டான். தூரத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

போன மாதம் ஒரு காலை அவன் எழுந்து வந்து தரையில் அமர்ந்தான். உள்ளங்கையை விரித்துத் துணியின் ஓரத்தில் வைத்தான். அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவன் கை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. விரல்களை மிதித்துவிடாதபடி விசாலாட்சி மறுபக்கமாக ஒதுங்கி நடந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எந்தச் சொல் அவனுக்குள் போய் எப்படித் தங்கும் என்ற பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

பராமரிப்பு நிலையத்தின் வேன் கீழே வந்துவிட்டதாகக் கைப்பேசி ஒலித்தது. வருண் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து, செருப்பு மாட்டப் போனான்.